மரியாதையும் மன்னிப்பும்: ‘முதல் மரியாதை’ திரைப்படம் பற்றி ஓர் இறையியல் நோக்கு

திருமணத்தைப் பற்றி நம் சபையார் கொண்டிருக்கும் எண்ணங்களை உருவாக்கியதில் பிரசங்க பீடத்திற்குப் பங்கு மிகுதியா, திரையரங்கிற்குப் பங்கு மிகுதியா என்று கேட்டால், உண்மையைச் சொல்ல அஞ்சாத ஆயர் எவரும் திரையரங்கையே சுட்டுவார். ஞாயிறு தோறும் நாம் கால்மணி நேரம் பேசுகிறோம்; திரைப்படமோ இரண்டரை மணி நேரம் பேசுகிறது; பாட்டாக ஆண்டுக்கணக்கில் வீட்டிற்குள் ஒலிக்கிறது. ஆகவே ஒரு திரைப்படம் கணவன் மனைவி உறவைப் பற்றி என்ன போதிக்கிறது என்று ஆராய்வது இறையியல் மாணவருக்குப் பொழுதுபோக்கு ஆகாது. அது அவர்தம் அருட்பணிக்குரிய ஆயத்தமே ஆகும்.

இக்கட்டுரைக்கு நாம் எடுத்துக்கொள்வது பாரதிராஜா இயக்கி 1985 ஆகஸ்டு 15ஆம் நாள் வெளிவந்த ‘முதல் மரியாதை’. அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதையும், பாடலாசிரியர் வைரமுத்துவுக்குத் தேசிய விருதையும் பெற்றுத் தந்த படம் இது. நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும் தொலைக்காட்சியில் அதைக் காண்போர் பலர். மகிழ்ச்சியற்ற இல்லறத்தையும் இல்லறத்திற்கு வெளியே அரும்பும் அன்பையும் பற்றித் தமிழில் வந்த படங்களுள் இதுவே மிகுந்த செல்வாக்குடையது என்பது நம் கருத்து.

1. கதையும் களமும்

இப்படத்தை உருவாக்கியவருள் மூவர் இன்றைய தேனி மாவட்டத்தினர். பாரதிராஜா அல்லிநகரத்தினர், இசையமைத்த இளையராஜா மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்தினர், வைரமுத்து பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டியில் வளர்ந்தவர். படத்தின் ஆற்றங்கரைக் காட்சிகள் கர்நாடகத்தில் தலக்காடு, சிவசமுத்திரம் ஆகிய இடங்களில் எடுக்கப்பட்டவை. எனினும் பேச்சும் வழக்கமும் மான உணர்ச்சியும் வைகைக்கு மேற்கே உள்ள நாட்டுக்கே உரியவை. 1895இல் பெரியாற்று அணை கட்டி முடிக்கப்பட்ட பின் நஞ்சை பெருகிய கம்பம் பள்ளத்தாக்கில், ஊரின் மதிப்பு நிலத்தோடும் நீரோடும் கோயில் திருவிழாவில் யாருக்கு முதலில் பரிவட்டம் கட்டுவது என்பதோடும் பிணைந்திருந்தது. ‘முதல் மரியாதை’ என்னும் சொல்லே அவ்வழக்கத்திலிருந்து வந்தது. நம் சபைகளின் அசன விருந்துகளிலும் பிரதிஷ்டைப் பண்டிகைகளிலும் அவ்வழக்கம் வேறு உடை உடுத்து உலவுவதை நாம் அறிவோம்.

கதை ஒரு மரணப் படுக்கையில் தொடங்குகிறது. ஊர்ப் பெரியவரான மலைச்சாமி (சிவாஜி கணேசன்) யாரையோ எதிர்நோக்கி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பின்னோக்கிச் செல்லும் கதையில் அவருடைய வீடு காட்டப்படுகிறது. மனைவி பொன்னாத்தா (வடிவுக்கரசி) ஓயாது ஏசுகிறவள்; சோறு போடும்போதும் சுடுசொல்லோடு போடுகிறவள். ஊருக்குப் புதிதாக வந்து பரிசல் ஓட்டிப் பிழைக்கும் குயில் (ராதா) என்னும் இளம்பெண்ணோடு அவருக்கு நட்பு உண்டாகிறது. அவளது குடிசையில் மீன் குழம்பை உண்கிறார். அவள் விளையாட்டாகச் சொன்னதை ஏற்று இளவட்டக் கல்லைத் தூக்கிக் காட்டுகிறார். ஊர் பேசுகிறது, பஞ்சாயத்துக் கூடுகிறது, ஊரார் முன் அவர் அப்பழியை மறுக்காமல் ஏற்றுக்கொள்கிறார்.

பிற்பகுதியில்தான் இல்லறத்தின் இரகசியம் வெளியாகிறது. பொன்னாத்தா திருமணத்திற்கு முன்பே வேறொருவனால் கருவுற்றவள். குடும்ப மானத்தைக் காக்குமாறு அவளுடைய தந்தையான தம் மாமன் மன்றாடியதால் மலைச்சாமி அவளை மணந்தார். பிறந்த பெண் குழந்தையைத் தம் மகளாகவே வளர்த்தார். ஆனால் பொன்னாத்தாவோடு ஒருநாளும் கணவனாக வாழவில்லை. அக்குழந்தைக்குத் தந்தையானவன் (சத்யராஜ்) ஆண்டுகள் பல கழித்து அவ்வூரைத் தேடி வருகிறான். மலைச்சாமியின் மானம் அழியக் கூடாதென்று குயில் அவனைக் கொன்று சிறை செல்கிறாள். சிறையிலிருந்து அவள் வந்து முகங்காட்டிய பின்னரே மலைச்சாமியின் உயிர் பிரிகிறது. அவளும் வாழ்வதில்லை.

2. படம் கண்ட உண்மை

இப்படத்தின் பெருமையைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. நடுவயது கடந்த ஒருவருடைய தனிமையைத் தமிழ்த் திரை அதற்கு முன் இவ்வளவு பொறுமையோடு பார்த்ததில்லை. சிவாஜி கணேசன் தமக்கே உரிய உயர்ந்த குரலை அடக்கிக்கொண்டு, பார்வையாலும் மௌனத்தாலும் அத்தனிமையைக் காட்டுகிறார். தேவைகள் அனைத்தும் நிறைந்த வீட்டில் ஒருவர் பசியோடு இருக்க முடியும் என்பதை அந்த மீன் குழம்புக் காட்சி சொல்வதுபோல நம் குடும்ப ஞாயிறு பிரசங்கங்கள் சொன்னதில்லை. மனிதன் தனிமையாயிருப்பது நன்றன்று எனத் திருமறையின் தொடக்கத்திலேயே இறைவன் கூறியதை (ஆதியாகமம் 2:18) மணமாகாதோர்க்கு மட்டும் உரியதாக நாம் சுருக்கிவிட்டோம். மணமானவரின் தனிமை அதனினும் கொடியது என்பதை இப்படம் நமக்கு நினைவூட்டுகிறது.

துணைக்கதை ஒன்றையும் இங்கே கருத வேண்டும். மலைச்சாமியின் உறவினனான இளைஞன் செருப்புத் தைப்பவரின் மகளை விரும்புகிறான். சாதி குறுக்கே நிற்கிறது; மலைச்சாமி முன்னின்று அவர்களை மணமுடித்து வைக்கிறார். பின்னர் அப்பெண் நகைக்காகக் கொலை செய்யப்படுகிறாள். கொன்றவன் தம் மருமகனே என்று அறிந்ததும், மகளின் வாழ்வையும் குடும்பத்தின் பெயரையும் பாராது அவனைக் காவலரிடம் ஒப்படைக்கிறார். ஒடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் இரத்தத்திற்காகத் தம் மானத்தை இழக்க அவர் ஆயத்தமாயிருந்தார். இதை மனத்தில் இருத்திக்கொண்டு அவருடைய சொந்த வீட்டிற்குள் நுழைவோம்.

3. பொன்னாத்தாவின் வழக்கு

திரையரங்கில் அமர்ந்திருந்தவர் அனைவரும் மலைச்சாமியின் பக்கமே நின்றனர். படம் அவ்வாறே அமைக்கப்பட்டுள்ளது. பொன்னாத்தாவின் கடுஞ்சொற்களை முதலில் காட்டி நம்மை வெறுக்கச் செய்கிறது. பின்பு அவளுடைய பழைய பிழையை வெளிப்படுத்தி, இத்தகையவளுக்கா இவ்வளவு நாவு என்று கேட்கச் செய்கிறது. இரகசியம் வெளிப்படும் இடத்தில் கதையைத் திருப்பி அவளுடைய பார்வையிலிருந்து ஒருமுறையேனும் பார்த்திருக்கலாம். இயக்குநர் அவ்வாறு செய்யவில்லை. படத்தின் தலையாய குறை இதுவே.

அவளுடைய பார்வையில் அந்த இல்லறம் எத்தகையது? தாலி உண்டு, நிலம் உண்டு, பிள்ளைக்குத் தகப்பன் பெயர் உண்டு, ஊரில் பெரிய வீட்டுக்காரி என்னும் மதிப்பு உண்டு. அருகிலிருக்கும் மனிதரோ தம்மை அவளுக்குக் கொடுக்கவேயில்லை. அவர் அடிக்கவில்லை, பழித்துரைக்கவில்லை, வெளியே சொல்லவுமில்லை. ஆனால் அவர் வாய் திறவாத ஒவ்வொரு நாளும் அவளுடைய குற்றத்தை அவளுக்கு நினைவூட்டியிருக்கும். தண்டனைக்கு ஒரு காலவரையறை உண்டு. இத்தகைய மௌனத்திற்கு அது இல்லை. அவளுடைய நாவின் கசப்பை இல்லறத் துன்பத்தின் காரணமாகப் படம் காட்டுகிறது. அது அத்துன்பத்தின் விளைவாகவும் இருக்கலாம் என்பதைப் படம் எண்ணிப் பார்க்கவில்லை.

மலைச்சாமி பொன்னாத்தாவுக்கு அளித்தது மரியாதை. அவளுக்குத் தேவைப்பட்டதோ மன்னிப்பு. இவ்விரண்டும் வெவ்வேறு என்பதே இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்பும் கருத்து. மரியாதை குற்றத்தை ஊராரின் கண்களிலிருந்து மறைக்கிறது. மன்னிப்போ அதைக் குற்றமிழைத்தவரின் முன் எடுத்துப் பேசி, பின் அகற்றிவிடுகிறது. மரியாதைக்குப் பேச்சு வேண்டியதில்லை. மன்னிப்போ பேச்சின்றிப் பிறப்பதில்லை.

இப்பகுதியின் சில சமூகங்களில், ஒத்துவராத மணத்தைப் பெரியவர் முன்னிலையில் தீர்த்துவிட்டு, பெண் மறுமணம் செய்துகொள்ளும் வழக்கம் பழமையானது. அவ்வழக்கம்கூட ஒரு பெண்ணைப் பொய்யான மணத்தில் வாழ்நாள் முழுவதும் பூட்டி வைப்பதைவிட இரக்கமுடையது எனலாம். பெரிய வீடு என்னும் நிலையே மலைச்சாமிக்கும் பொன்னாத்தாவுக்கும் அவ்வழியை அடைத்தது.

4. யோசேப்பும் ஓசியாவும்

தம்மால் கருவுறாத ஒருத்தியை மனைவியாக ஏற்ற மனிதர் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் யோசேப்பு (மத்தேயு 1:18-25). மரியாள் குற்றமற்றவர் என்னும் பெரும் வேறுபாட்டை மறவாமல் இருவரையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். யோசேப்பை மத்தேயு நீதிமான் என்கிறார். மரியாளை இகழ்ச்சிக்கு உட்படுத்தாமல் இரகசியமாகத் தள்ளிவிட எண்ணியதே அவருடைய முதல் தீர்மானம். அது மரியாதையின் தீர்மானம். தேவதூதன் அவரை அதற்கு அப்பால் அழைத்துச் செல்கிறான். அஞ்சாமல் சேர்த்துக்கொள்ளுமாறு பணிக்கிறான், யோசேப்பு சேர்த்துக்கொள்கிறார், பிள்ளைக்குப் பெயரிடுகிறார். மலைச்சாமியும் பிள்ளைக்குத் தம் பெயரைத் தந்தார். அவ்வளவில் அவர் யோசேப்பின் அருகில் நிற்கிறார். தாயை வீட்டில் சேர்த்தும் உள்ளத்தில் சேர்க்காத அளவில் அவரிடமிருந்து விலகிப் போகிறார்.

ஓசியாவின் கதை இதனினும் கடினமானது. கோமேரின் துரோகம் ஊரறிந்தது. ஓசியா அவளை விலை கொடுத்து மீட்டு வந்து, இனி எவ்வாறு வாழ்வது என்று அவளிடமே பேசுகிறார் (ஓசியா 3). தம்மைவிட்டு விலகிய மக்களை வனாந்தரத்திற்கு அழைத்துச் சென்று உள்ளத்தோடு பேசுவதாக இறைவனும் அத்தீர்க்கன் வாயிலாக உரைக்கிறார் (2:14). இறைவன் ஏமாற்றப்பட்ட கணவனின் கோபத்தை ஒளிக்கவில்லை. அக்கோபம் அந்நூல் முழுவதும் கேட்கிறது. ஆயினும் அவர் மௌனத்தைத் தெரிந்துகொள்ளவில்லை. நம் திருமறையின் உடன்படிக்கை பேசுகிற உடன்படிக்கை. துரோகத்திற்குப் பின்னும் அதன் முதல் அடையாளம் பேச்சே.

5. மானம் கேட்கும் பலி

மலைச்சாமிக்கும் குயிலுக்கும் இடையே உடலுறவு இல்லை. ஆகவே அது குற்றமற்ற அன்பு என்று படம் வாதிடுகிறது. நம் வாசகருட் சிலர் மத்தேயு 5:27-28ஐக் காட்டி அவ்வாதத்தை உடனே தள்ளிவிடக்கூடும். அவ்வளவு விரைவு வேண்டியதில்லை. அவ்வசனம் இச்சையோடு பார்ப்பதைக் கண்டிக்கிறது; படத்தில் நாம் காண்பதோ முதலில் நட்பு, பின்னர் சார்பு. அதன் அபாயம் வேறிடத்தில் உள்ளது. தம் மனைவியிடம் ஒருநாளும் பேசாத சொற்களை மலைச்சாமி குயிலிடம் பேசுகிறார். உடலைக் காத்தவர் உரையாடலை வேறிடத்தில் செலவிட்டுவிட்டார். இல்லறத்தின் உண்மை உடலால் மட்டும் அளக்கப்படுவதாயின் அவர் உண்மையுள்ளவர். பகிர்வாலும் அளக்கப்படுவதாயின் அவர் அவ்வாறில்லை.

கதையின் முடிவையும் கவனிக்க வேண்டும். பழைய இரகசியத்தை அறிந்த ஒருவன் திரும்பி வருகிறான். உண்மை வெளிப்பட்டால் மலைச்சாமியின் மானம் போகும். குயில் அவனைக் கொல்கிறாள்; ஏன் கொன்றாள் என்று வெளியிடாமல் சிறைக்குச் செல்கிறாள். படம் இதைத் தியாகம் என்று கொண்டாடுகிறது. கொலை செய்யப்பட்ட அம்மனிதனை நாம் ஆதரிக்கவில்லை. எனினும் ஓர் உண்மை பேசப்படாமல் இருப்பதற்காக ஓர் உயிர் போயிற்று, ஓர் இளம்பெண்ணின் வாழ்வு அழிந்தது. மருமகன் செய்த கொலைக்காகக் குடும்ப மானத்தை விட்டுக்கொடுத்த அதே மலைச்சாமியின் பெயரால்தான் மானத்திற்கு இப்பலி இடப்படுகிறது. அன்று உண்மையை மானத்திற்கு மேலாக வைக்க அவருக்குக் கூடியது. அத்துணிவு அவருடைய வீட்டிற்குள் ஒருநாள் நுழைந்திருந்தால், குயிலின் கையில் இரத்தம் படிய நேர்ந்திராது. மனித உயிரைப் பலியாகக் கேட்கும் எதுவும் விக்கிரகம் என்று நாம் போதிக்கிறோம். மானமும் அவ்வாறு ஆகக்கூடும்.

அதே 1985இல் வெளிவந்த கே. பாலசந்தரின் ‘சிந்து பைரவி’ இவ்வினாவை நகரத்து வீட்டில் வைத்துப் பார்க்கிறது. இசைக் கலைஞர், இசையறியாத மனைவி, இசையறிந்த மற்றொரு பெண். முடிவில் அம்மற்றொருத்தி தான் பெற்ற குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு விலகிச் செல்கிறாள். கிராமத்துப் படத்தில் குயில் சிறைக்குச் செல்கிறாள். நகரத்துப் படத்தில் சிந்து குழந்தையை இழந்து செல்கிறாள். இரண்டிலும் ஆணின் வீடு நிலைபெற, விலை கொடுப்பவள் வெளியே உள்ள பெண். சாராளின் வீடு அமைதியாயிருக்க ஆகார் வனாந்தரத்திற்கு அனுப்பப்பட்டது போன்றது இது. ஆகாரின் துயரை இறைவன் கண்டார், அவள் பிள்ளையின் குரலைக் கேட்டார் என்று ஆதியாகமம் 16, 21 ஆகிய அதிகாரங்கள் கூறுகின்றன. நம் திரைப்படங்கள் அவளைப் புகழ்ந்து அனுப்பிவிடுகின்றன.

6. பஞ்சாயத்தும் சபையும்

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை ஆண்டவர் முன் நிறுத்திய கூட்டம் (யோவான் 8:1-11) அந்த ஆணைக் கொண்டுவரவில்லை. மலைச்சாமியின் ஊர்ப் பஞ்சாயத்தும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. சட்டமும் நெடுங்காலம் ஒருபக்கம் சாய்ந்தே நின்றது. 1869ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டப்படி, கிறிஸ்தவக் கணவன் மனைவியின் விபசாரத்தை மட்டும் காட்டி மணவிலக்குப் பெறலாம். மனைவியோ அதனோடு கொடுமை, கைவிடுதல் போன்ற வேறொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. இந்த ஏற்றத்தாழ்வு 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் நீங்கியது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு, மற்றொருவன் மனைவியோடு அக்கணவனின் இசைவின்றிச் சேர்ந்த ஆணைக் குற்றவாளியாக்கியது. மனைவியைக் கணவனின் உடைமைபோல் கருதிய அப்பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று செல்லாதென்று தீர்த்தது. விபசாரம் இன்று தண்டனைக்குரிய குற்றமாக இல்லை. மணவிலக்கிற்குரிய காரணமாக இருக்கிறது.

குற்றம் நீங்கியதால் பாவம் நீங்கிவிடவில்லை என்று நாம் பிரசங்கிக்கிறோம், அது சரியே. ஆனால் அப்பாவத்தைக் கையாள நம்மிடம் உள்ள வழி என்ன? பெரும்பாலும் சேகரக் குழு பஞ்சாயத்தாகவே கூடுகிறது. திருவிருந்திலிருந்து நிறுத்துகிறோம், அல்லது பெரிய குடும்பமாயின் மறைத்துவிடுகிறோம். ‘வெளியே தெரியாமல் சமாதானம் பண்ணி வைத்தோம்’ என்று சொல்லி நிறைவடைகிறோம். அது சமாதானமா, மரியாதை மட்டுமா என்று கேட்பதில்லை.

கம்பம் பள்ளத்தாக்கின் சபைகளில் பணியாற்றுவோர் மற்றொன்றையும் எண்ண வேண்டும். இங்குள்ள பெண்கள் பலர் விடியுமுன் ஜீப்பில் ஏறி, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவும் ஏலத் தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். பகலில் வீடு சந்திக்கும் ஆயர் அவர்களைக் காண்பதில்லை. அவர்கள் வழக்கைக் கணவனோ மாமியாரோ சொல்லவே கேட்கிறார். பொன்னாத்தாவின் கதையை மலைச்சாமியின் வாயிலாகக் கேட்ட திரைப்படத்தின் நிலையே அவருடையதும். தேனி நகரைச் சுற்றி எழுந்துள்ள புதிய குடியிருப்புகளிலோ நிலைமை வேறு. அங்கே பஞ்சாயத்து இல்லை, கூடி விசாரிக்கும் ஊர் இல்லை, கதவு அடைத்திருக்கிறது. பேச்சுத் துணை தேடுவோர் ஆற்றங்கரைக்குச் செல்ல வேண்டியதில்லை, கைப்பேசி போதும். மானத்தின் காவல் நீங்கிய இடத்தில் மன்னிப்பின் பயிற்சி வந்து சேரவில்லை.

7. ஆயர்களுக்குச் சில சொற்கள்

முதலாவது, ஓலை வாசிக்குமுன் மணமகளிடம் தனியே பேசுவதைக் கடமையாகக் கொள்வோமாக. முறைப்பையன், முறைப்பெண் என்றும், மாமன் வாக்குக் கொடுத்தார் என்றும் நிச்சயிக்கப்படும் மணங்களில் இது மிகவும் தேவை. மூன்று ஞாயிறுகள் ஓலை வாசிப்பது தடை உண்டா என்று சபையைக் கேட்பதற்கே. அவ்வினாவை மணமக்களிடம் கேட்காமல் சபையிடம் மட்டும் கேட்பது பொருளற்றது.

இரண்டாவது, பிணக்கில் இருவரையும் தனித்தனியே கேட்ட பின்னரே சேர்த்துக் கேட்போமாக. அடியும் வதையும் உள்ள வீட்டிற்கு, மன்னித்துவிடு என்று சொல்லி ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவது மன்னிப்பின் பெயரால் செய்யும் அநியாயம். நாம் இங்கே பேசும் மன்னிப்பு உண்மையை முன்வைப்பது. கொடுமையை மூடுவதற்கு உரியதன்று.

மூன்றாவது, நம்மைக் குறித்தே. மலைச்சாமியின் நிலை ஆயரின் நிலைக்கு மிக அருகில் உள்ளது. ஊரெல்லாம் மதிக்கும் மனிதர்; பிறர் வழக்கைத் தீர்ப்பவர்; தம் வீட்டில் பேச்சற்றவர்; தாம் சொல்வதை ஆவலோடு கேட்கும் ஒருவர் எதிர்ப்பட்டால் உள்ளம் குளிர்பவர். குருமனைகளில் இத்தகைய மௌனம் இல்லை என்று நாம் சொல்ல முடியுமா? பீடத்தில் ஏறுமுன் அங்கியை அணிவிக்கும் மனைவியிடம் அவ்வாரத்தில் நாம் பேசிய சொற்கள் எத்தனை? ஊர் தரும் மரியாதை பெருகப் பெருக அக்கேள்வி மங்கிப்போகிறது. இறையியற் கல்லூரிகளில் இதைக் கற்பிக்கும் பாடம் இல்லை; மாணவர் மணமாகுமுன் இதை எண்ணிக்கொள்வது நலம்.

படம் மலைச்சாமியின் சாவோடு முடிகிறது. அவர் எதிர்நோக்கியவள் வந்துவிட்டாள். அவர் உயிர் அமைதியாகப் பிரிகிறது. பார்ப்போர் கண்ணீரோடு எழுகின்றனர். அந்த வீட்டினுள் பொன்னாத்தா இருக்கிறாள். அவளிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. அவளும் எதையும் சொல்லவில்லை. இழவுக்கு வந்தவர்கள் கலைந்த பின் அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவள் பேசுவதைக் கேட்க ஒருவர் வேண்டும். அப்பணி திரைப்படத்திற்கு உரியதன்று, நமக்கு உரியது.